கை நனைத்த பிறகு

திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் ஜீப்புக்குக் காத்திருந்தபோதே மணியம்மாள் மூன்று முறை கேட்டுவிட்டாள், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று.

"அண்ணி, இப்பதான் இட்லி சாப்ட்டீங்க."

"அது செங்கத்துல சாப்ட்டது. சக்கரை மாத்திரைக்கு ஊரு தெரியாது, மணிதான் தெரியும். பதினொன்னரைக்கு வயித்துல ஏதாச்சும் விழணும்."

தேவி கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். பைக்குள் இருபத்தைந்தாயிரம் ரூபாய் இருந்தது, முன்பணம் கொடுக்க.

செங்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் தேவி. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அரசாங்கம் அனுப்பிவிடும். புளியும் மிளகாயும் அவள் வாங்க வேண்டும். ஒரு புளியைக் கிள்ளி வாயில் போட்டால் அது எந்த வருஷத்துப் புளி, யார் உப்பு கலந்தது என்பதுவரை சொல்வாள். போன தையில் அப்பா வீட்டு நிலத்தை விற்றதில் அவள் பங்காக நாலு லட்சம் வந்தது. வந்த நாளிலிருந்து அந்தப் பணத்துக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். மகன் போனில், கம்பெனிப் பங்கு வாங்கலாம் என்றான். புருஷன் பாண்டுரங்கன், பைபாஸ் பக்கத்தில் பிளாட் போட்டிருக்கிறார்கள், முன்பணம் கட்டிவிடலாம் என்றார். தேவி புளிய மரம் என்றாள்.

"ஆடி மாசத்துல யாராச்சும் பணத்த போடுவாங்களா?" என்றார் பாண்டுரங்கன்.

"புளிய மரத்துக்கு ஆடி தெரியாது. அது ஆடியிலதான் பூக்குது."

மூன்று நாள் பேச்சுக்குப் பிறகு அவர் ஒரு எல்லை போட்டார். "சரி, போய்ட்டு வா. மூணு வருஷக் குத்தகை. ஒன்றரை லட்சம் வரைக்கும் உன் இஷ்டம். அதுக்குள்ள முடிச்சினு வந்தா மீதிப் பணத்தயும் நீயே பாத்துக்க. முடிக்காம வந்தா மொத்தமும் பிளாட்டுக்கு. சரியா?"

பணம் அவளுடையது, எல்லை அவருடையது. தேவி சரி என்றாள். அன்றைக்கு அவளுக்கு அது நல்ல பேரமாகத்தான் பட்டது.

மணியம்மாள் பாண்டுரங்கனின் அக்கா. ஓவிய ஆசிரியையாக இருந்தவள்; அறுபத்தைந்து வயது, முழங்கால் இரண்டிலும் வலி, வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. மலையில் புதூர்நாட்டுக்கு மேலே பலாக்கொல்லை என்ற ஊரில் பாறையில் வெள்ளைப் படங்கள் இருப்பதாகவும் பழைய நடுகல் ஒன்று இருப்பதாகவும் கேள்விப்பட்டு வருஷக்கணக்காகப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தேவி குத்தகைக்குப் பேசப்போகும் புளிய மரங்கள் அதே ஊரில் இருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"எனக்குப் படம். உனக்குப் புளி. ரெண்டு பேருக்கும் சோறு. இதுல எது கொறஞ்சாலும் நான் தம்பிகிட்ட சொல்லிடுவேன்," என்றாள்.

ஜீப் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவன் வெற்றிவேல். தேவியின் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்த இளவரசியின் தம்பி. பலாக்கொல்லையில் கோவிந்தன் என்பவரின் பதினாலு மரம் இந்த வருஷம் பேச்சுக்கு வருகிறது என்று தேவிக்குச் சொன்னவனும் அவன்தான்.

"யார் யார் வர்றாங்க பேச?" தேவி வண்டியில் ஏறியதும் கேட்டாள்.

"நீங்கதான். அப்பறம் ஒடுகத்தூர் கோபால்சாமி. புளி யாவாரி. பதினோரு வருஷமா அவருதான் எடுத்துனு கீறாரு."

"எவ்ளோக்கு?"

"போன வருஷம் முப்பத்தெட்டாயிரம். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சினே வர்றாரு. கோவிந்தண்ணன் நல்ல மனுஷன். எதுத்துப் பேசமாட்டாரு. கோபால்சாமி காலைல வந்து குந்துவாரு, சாயந்திரம் வரைக்கும் பேசுவாரு. தலைவலி தாங்காம இவரு சரின்னுடுவாரு."

தேவி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். வருஷத்துக்கு ஐம்பதாயிரம் என்றால் மூன்று வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். நாற்பத்தைந்தில் ஆரம்பித்தால் போதும். கணக்கு சரியாக வந்தது. ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியது. மணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பலாக்கொல்லையில் பதினைந்து வீடுகள். கோவிந்தன் வீட்டு வாசலில் பலாமரத்தடியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் மேல், கீழே இறங்காமல், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். வண்டியின் கைப்பிடியில் டிபன் கேரியர் தொங்கியது.

"கோபால்சாமி," என்றான் வெற்றிவேல் தணிந்த குரலில்.

கோவிந்தன் வெளியே வந்து கும்பிட்டார். ஒல்லியான மனிதர், சிரித்த முகம். பின்னாலேயே அவர் மனைவி மாதம்மாள், முந்தானையை இடுப்பில் செருகியபடி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கோழிக்குழம்பு வாசனை அவளுக்கு முன்பாகவே வந்துவிட்டது.

"வாங்கம்மா. மரம் சுத்திப் பாத்துட்டு வந்து சாப்புடறீங்களா, இல்ல இப்பவே சாப்புடறீங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். தேவி மணியம்மாளைப் பார்த்தாள். மணியம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபத்தைந்து.

"இப்பவே சாப்ட்டுடறோம்மா," என்றாள் தேவி. வந்த வீட்டில் சோறு வேண்டாம் என்று சொல்வது செங்கத்தில் மரியாதை இல்லை.

வெற்றிவேல் இருமினான். கோவிந்தன் ஏதோ சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டார். மாதம்மாள் ஒரு நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு முந்தானையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நடை வேகமாக இருந்தது.

மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் தண்ணீர் அண்டா இருந்தது. கை கழுவும்போது மணியம்மாள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து இழுத்த வெள்ளைக் கோடுகள், கீழிருந்து மேலாக அடுக்கிய வரிசைகளாக. இடது ஓரத்து வரிசை அவள் தலை உயரத்துக்கு இருந்தது. வலப்பக்கம் வர வர வரிசைகள் குட்டையாகி, கடைசி வரிசை இடுப்புக்குக் கீழே நின்றது.

"அழகா கீது. கோலமா இது?"

தண்ணீர் ஊற்ற வந்த மாதம்மாள், "கோலமில்லீங்க," என்றாள். மணியம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து அதை அப்படியே வரைந்துகொண்டாள்.

தையல் இலையில் சாமைச் சோறு. கறுத்துத் திரண்ட கோழிக் குழம்பு, கீரைக் கடைசல், புளி ரசம். மணியம்மாள் முதல் உருண்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"இன்னாம்மா போட்ட இதுல?"

"மொளவும் கொத்தமல்லியும்தாங்க. அம்மியில அரச்சது."

தேவி ரசத்தை உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தாள். பழைய புளி, ஒரு வருஷம் பானையில் இருந்திருக்கும். புளிப்புக்குப் பின்னால் ஒரு சின்ன இனிப்பு வந்தது. சந்தைப் புளியில் அவள் இதைப் பார்த்ததில்லை. இன்னொரு கை வாங்கிக் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோபால்சாமி மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை.

"கொழம்பு எப்டிம்மா கீது?"

"நல்லா இருக்குங்க. நீங்க சாப்டலயா?"

"பதினோரு வருஷமா வர்றேன். இந்த வூட்டுல தண்ணி ஒண்டிதான் குடிச்சிருக்கேன். அதோ தொங்குது பாருங்க, எலுமிச்சம்பழச் சோறு. எங்க வூட்டுல கட்டிக் குடுத்தது." அவர் சிரித்தார். "உங்களுக்கு யாரும் சொல்லல போல."

"இன்னா சொல்லல?"

"பொண்ணு பாக்கப் போனா, பேச்சு முடியற வரைக்கும் அந்த வூட்டுல கை நனைப்பீங்களா?"

"மாட்டோம்."

"இங்க மரத்துக்கும் அப்டித்தான். கை நனச்சிட்டா பேரம் கெடையாது. சோறு போட்ட கை ஒரு தொகை சொல்லும், சாயந்திரம் மூணு மணிக்கு, அந்த நடுகல்லுகிட்ட. ஒரே ஒரு தடவ. நீங்க சரின்னு சொல்லணும், இல்ல வேணாம்னு சொல்லணும். கொறைக்கக் கூடாது, ஏத்தக் கூடாது, ஏன்னு கேக்கக் கூடாது. வேணாம்னு சொல்லிட்டா இந்த வருஷம் அந்த மரத்து நெழல்ல கூட நிக்கக் கூடாது."

தேவியின் கை இலையிலேயே நின்றது. மணியம்மாளின் கை நிற்கவில்லை.

"வெற்றிவேலு," என்றாள் தேவி.

"சொல்லலாம்னுதான் இருந்தேம்மா. அதுக்குள்ள கை கழுவிட்டீங்க."

"மலை ஏறி வர்ற ரெண்டு மணி நேரம் உன் வாய் எங்க இருந்துது?" என்றாள் மணியம்மாள்.

"வளைவுல பேசக்கூடாதுங்க."

"சரி," என்றாள் தேவி, கோபால்சாமியைப் பார்த்து. "கோவிந்தன் சொல்ற தொகைய நான் வேணாம்னு சொன்னா?"

"அப்பறம் நான்தான் இருக்கேன். ஒரு தடவ வேணாம்னு சொன்ன மரம். இருபத்தஞ்சுலேர்ந்து ஆரம்பிப்பேன். மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க, யாவாரம்." அவர் எழுந்தார். பிறகு நினைவு வந்ததுபோலத் திரும்பினார். "ஆனா ஒண்ணு. கோவிந்தன் சொல்லமாட்டான். சோறு போட்ட கைன்னு சொன்னேன் பாருங்க."

எல்லோரும் மாதம்மாளைப் பார்த்தார்கள். அவள் மணியம்மாளின் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கோவிந்தன் பலாமரத்தடியில் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தார். "எனக்கு வேலை மிச்சம்," என்றார். பதினோரு வருஷத்தில் இப்படி ஓர் ஆடி அவருக்கு வாய்த்ததில்லை.

மூன்று மணிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. படம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றாள் மணியம்மாள். ஜீப் போகிற வரைக்கும் ஜீப், அப்புறம் பத்து நிமிஷம் நடை. வழி காட்ட மாதம்மாளே வந்தாள், கையில் ஒரு தூக்கு மோருடன். தேவிக்கும் அவளுக்கும் நடுவில் மணியம்மாள் நடந்தாள்.

"நல்ல கூத்து இது," என்றாள் மணியம்மாள். "ஆளுக்கு ஒரு தொகைய வயித்துல வெச்சினு, மழையப் பத்திப் பேசினு வரீங்க."

"மழை நல்லா பெஞ்சிதுங்களா உங்க பக்கம்?" என்றாள் மாதம்மாள்.

"சுமாரு," என்றாள் தேவி.

பாறை ஒரு குடை போல முன்னால் கவிந்திருந்தது. அதன் அடியில் வெண்சாந்தில் உருவங்கள். கை தூக்கி நிற்கும் ஆள், ஏதோ மிருகத்தின் மேல் ஒருவன், ஒரு சக்கரம். கொஞ்சம் தள்ளி கை கோத்து ஆடும் ஒரு வரிசை. மணியம்மாள் ஒரு கல்லில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அரை மணி நேரம் யாரும் பேசாதீங்க."

ஐந்து நிமிஷத்தில் அவளே பேசினாள்.

"தேவி, எத்தினி பேரு ஆடறாங்க?"

"ஒம்போது."

"கடைசி ஆளோட எடது கை இன்னாத்த புடிச்சினு கீது?"

தேவி கிட்டே போய்ப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. சும்மா நீட்டினு கீது."

"சும்மா நீட்டமாட்டான். பத்தாவதா ஒருத்தன் இருந்திருக்கான். அங்க பாறையில தண்ணி வடிஞ்ச தடம் கீது பாரு. மழை கழுவிட்டுது. படத்துல இருக்கறத எல்லாரும் பாக்கறாங்க. இல்லாதத பாத்தாதான் முழுப் படமும் தெரியும்."

"இதத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தீங்களா?"

"பள்ளிக்கூடத்துல மாம்பழம் வரையச் சொன்னேன்."

மணியம்மாள் ஆடுகிறவர்களை நோட்டில் ஏற்ற ஆரம்பித்தாள். தேவி பாறையின் விளிம்புக்கு வந்தாள். அங்கிருந்து கோவிந்தனின் பதினாலு மரமும் தெரிந்தன. பூத்திருந்த மரங்கள், தூரத்தில் மஞ்சள் படிந்த பச்சையாக. மரத்தைப் பார்க்கத்தான் வந்தாள். காலையிலிருந்து இதுவரை பார்க்கவில்லை.

முதலில் நன்றாகத்தான் தெரிந்தது. உச்சி எல்லாம் அடர்த்தி. பிறகு அவள் என்ன இல்லை என்று பார்த்தாள். வீட்டை ஒட்டிய மூன்று மரங்கள் குடை போல் கீழே வரைக்கும் கவிந்திருந்தன. தள்ளி இருந்த மற்ற பதினோரு மரங்களில், ஒரு ஆள் நின்று கழி நீட்டினால் எட்டுகிற உயரம் வரைக்கும், கிளை இருந்தது, நுனி இல்லை. புளி புதுத் துளிரில்தான் பூக்கும். நுனியைக் கழியால் அடித்து முறித்தால் அடுத்த வருஷம் அந்த இடம் மலடு.

"அந்த மூணு மரம் மட்டும் ஏன் அப்டி கீது?" என்று கேட்டாள்.

மாதம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். "வூட்டண்ட கீறதால அதுல கழி வைக்க வுடமாட்டேன். ஏறி உலுக்கித்தான் எடுக்கணும்."

"நீங்களே ஏறுவீங்களா?"

"அப்ப ஏறுனேன். இப்ப அவரு ஏறுவாரு. நான் கீழ நின்னு திட்டுவேன்."

"மத்த மரத்த யாரு அடிக்கறாங்க?"

"வருஷக் குத்தகைக்காரன் அடிப்பான். அடுத்த வருஷம் யாரு எடுப்பாங்களோ, அவனுக்கு இன்னா?" மாதம்மாள் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"அந்த மூணுல மட்டும் எத்தினி மூட்ட வருது?"

மாதம்மாள் மோர்த் தூக்கைத் திறந்தாள். "அது கேக்கக் கூடாதுங்க. கை நனச்சிட்டீங்க. மோரு குடிங்க."

தேவி மோர் குடித்தாள். இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. பின்னால் மணியம்மாள் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இத பாரு," என்றாள் மணியம்மாள். இடது பக்கத்தில் பாறையின் வெள்ளை மனிதர்கள். வலது பக்கத்தில் கொட்டகைச் சுவரின் வெள்ளைக் கோடுகள். "ரெண்டும் ஒரே கை வேலை மாதிரி கீது. பதினோரு வரிசை. வர வர கொறஞ்சினே போவுது. எதுக்கு இப்டி வரைஞ்சாங்கன்னு தெரியல."

தேவிக்குத் தெரிந்தது. பதினோரு வருஷம், பதினோரு வரிசை, ஒரு மூட்டைக்கு ஒரு கோடு. அவள் மாதம்மாளைப் பார்த்தாள். மாதம்மாள் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுகல் கடைசிப் புளிய மரத்தடியில் இருந்தது. இடுப்பு உயரக் கல். வில் பிடித்த ஒரு வீரன், ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறான். பின்னால் ஒரு மாடு, காலடியில் ஒரு சின்னப் பாத்திரம். மூன்று மணிக்கு முன்னாலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். கோபால்சாமி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் மேலேயே உட்கார்ந்தார். இன்னும் அவர் சாப்பிடவில்லை. மரம் கைக்கு வந்த பிறகுதான் கேரியரைத் திறப்பது அவர் வழக்கம்.

"இவருதான் கல்லுக்காரரு," என்றார் கோவிந்தன். "மாடு ஓட்டினு போன கும்பல மறிக்கப் போனவரு. போறதுக்கு முன்னாடி ஒரு வூட்டுல சோறு துன்னாரு. எத்தினி பேரு வந்திருக்காங்கன்னு கூட கேக்கலியாம். அந்தச் சோத்துப் பானைதான் காலண்ட கீது. அதுலேர்ந்துதான் இந்தப் பழக்கம்."

மணியம்மாள் குனிந்து பார்த்தாள். "இது பானை இல்லீங்க. மூக்கு கீது. கெண்டி. தண்ணி குடிக்கற பாத்திரம்."

"அப்ப தண்ணி மட்டும் குடிச்சிருப்பாரா?" என்றார் கோபால்சாமி. "என்ன மாதிரி வெவரமான ஆளுதான்."

"குடிச்சிட்டுச் செத்துட்டாரு," என்றாள் மணியம்மாள்.

மாதம்மாள் கல்லின் முன்னால் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றினாள். கையைக் கல்லின் மேல் வைக்கவில்லை, கும்பிடவுமில்லை. தேவியைப் பார்த்துச் சொன்னாள், கடையில் விலை சொல்வது போல.

"பதினாலு மரம், மூணு வருஷம். ஒரு லட்சத்து அறுபத்தோராயிரத்து நானூறு."

கோபால்சாமி சத்தமில்லாமல் சிரித்தார். கோவிந்தன் தரையைப் பார்த்தார். வெற்றிவேல் மறுபடியும் இருமினான், இந்தத் தடவை எந்தக் காரணமும் இல்லாமல்.

தேவி நின்றாள். ஒன்றரைக்கு மேல் பதினோராயிரத்து நானூறு. சரி என்றால் பாண்டுரங்கனின் எல்லை தாண்டிப் போகிறது. வேண்டாம் என்றால் நாலு லட்சமும் பிளாட்டுக்குப் போகிறது, இந்த மரங்கள் கோபால்சாமியின் கழிக்குப் போகின்றன. குறைக்க முடியாது. ஏன் என்று கேட்கவும் முடியாது.

இருபத்தெட்டு வருஷம் அவள் வியாபாரிகளிடம் விலை கேட்டிருக்கிறாள். பேரம் பேசவேண்டும் என்று சொல்கிற தொகை எப்போதும் ரவுண்டாக இருக்கும். ஒன்றரை, ஒன்றே முக்கால், ரெண்டு. எதில் எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்கிறவனுக்கு முன்கூட்டியே தெரியும். இந்தத் தொகையில் குறைக்க இடமே விடவில்லை. இது கேட்கிற தொகை இல்லை, எண்ணின தொகை. சுவர் அவள் கண்ணில் வந்தது. முதல் வரிசை தலை உயரம், கடைசி வரிசை இடுப்புக்குக் கீழே. முதல் வரிசையை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் ரெண்டரை லட்சம் கேட்டிருக்கலாம். கடைசி வரிசையென்றால் ஒன்றே காலுக்கு மேல் வராது. இவள் நடுவில் எங்கேயோ நின்று சொல்கிறாள். மூன்று வருஷம் அடிக்காமல் உலுக்கினால் மரம் எங்கே வந்து நிற்குமோ, அங்கே நின்று.

தப்பாகவும் இருக்கலாம். மழை பொய்த்தால் எல்லாமே தப்பு.

"அம்மா, யோசிக்கறதுக்கு நேரம் உண்டு," என்றார் கோபால்சாமி. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"உங்களுக்குப் பசிக்குமே," என்றாள் தேவி. பிறகு மாதம்மாளிடம், "சரிம்மா," என்றாள்.

மாதம்மாள் தலையை ஒரு தடவை ஆட்டினாள். தேவி கைப்பையைத் திறந்து இருபத்தைந்தாயிரத்தை எடுத்தாள். மாதம்மாள் அதை வாங்கிக் கோவிந்தனிடம் கொடுக்காமல் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்ப கேக்கலாமா?" என்றாள் தேவி.

"கேளுங்க. பேச்சு முடிஞ்சிது."

"அந்தத் தொகை எப்ப எண்ணுனீங்க?"

"ரெண்டு வருஷமா வெச்சினு கீறேன், ஒரு லட்சத்து அறுபத்தோராயிரம். சொல்றதுக்குத்தான் வழி இல்ல. வர்றவரு சோறு துன்னாதான நான் வாயத் தொறக்க முடியும்? இவரு எலுமிச்சம்பழச் சோறு கட்டினு வருவாரு."

"அப்ப அந்த நானூறு?"

"கோழி," என்றாள் மாதம்மாள். "கிலோ நானூறு விக்குது. உங்க அண்ணி மூணு தடவ வாங்குனாங்க."

மணியம்மாள் நடுகல்லின் மாட்டை வரைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "ஞாயமான வெலை," என்றாள்.

கோபால்சாமி வண்டியிலிருந்து இறங்கினார். கேரியரைத் திறந்து பார்த்தார். காலையில் கட்டிய சோறு, வெயிலில் மலை ஏறி வந்ததில் ஊசிப்போயிருந்தது. மூடிவிட்டார்.

"இனிமே துன்னலாம் இல்ல?" என்றாள் மாதம்மாள் அவரிடம். "உங்களுக்கு இங்க பேச ஒண்ணும் இல்ல."

அவர் கை கழுவப் போனார். அண்டாவுக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்று கோடுகளை மேலிருந்து கீழே பார்த்தார், பதினோரு வருஷத்தில் முதல் முறையாக. மீதமிருந்த சாமைச் சோறும் குழம்பும் அவருக்குக் கிடைத்தன. எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்ட பிறகு, "உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

கிளம்பும்போது கோவிந்தன் ஒரு பலாப்பழத்தை ஜீப்பில் ஏற்றினார். தேவி எவ்வளவு என்று கேட்டாள். அது சும்மா என்றார் அவர். மாதம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் அது சும்மா இல்லை என்று தெரிந்தது.

திருப்பத்தூரில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் போனுக்கு சிக்னல் வந்தது. பாண்டுரங்கன் நாலு தடவை கூப்பிட்டிருந்தார். ஐந்தாவது தடவை தேவி எடுத்தாள்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. முன்பணம் குடுத்துட்டேன்."

"எவ்ளோ?"

தேவி முழுத் தொகையையும் சொன்னாள், நானூறு உட்பட. பஸ்ஸில் யாரோ ஜன்னலை ஏற்றினார்கள்.

"ஒன்றரைன்னு சொல்லி அனுப்புனேன்."

"சொன்னீங்க."

"அவன் கேட்டத அப்டியே குடுத்துட்டு வந்தியா? பேசி ஒரு ரூவா கூட கொறைக்கலியா?"

"பேசல. சாப்ட்டோம்."

"இன்னா?"

"வந்து சொல்றேன். மீதிப் பணம் பாங்க்லயே கெடக்கட்டும். பிளாட்காரன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. ஆவணி பொறந்ததும் நான் பாத்துக்கறேன்."

"ஒன்றரைக்கு மேல போனா மொத்தமும் பிளாட்டுக்குன்னுதான பேச்சு?"

"அது நீங்க சொன்ன பேச்சு. நான் போட்டது எங்க அப்பா குடுத்த பணம்." தேவி குரலை உயர்த்தவில்லை. பக்கத்து சீட்டுக்காரி கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாண்டுரங்கன், "அக்கா இருக்காங்களா?" என்றார்.

தேவி போனைக் கொடுத்தாள். மணியம்மாளின் மடியில் நோட்டு திறந்திருந்தது. பத்தாவது ஆளைப் பென்சிலால் லேசாகப் போட்டு, அந்த நீட்டிய கையைப் பிடிக்க வைத்திருந்தாள்.

"அக்கா, நீயாச்சும் சொல்லக் கூடாதா? மரம் எப்டி? பாத்தியா?"

"பாக்கல தம்பி. நான் படம் பாத்தேன்," என்றாள் மணியம்மாள். "கோழி நல்லா இருந்துது. பலாப்பழம் ஒண்ணு வருது, ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துனு வா. என்னால தூக்க முடியாது."